காத்திருப்பின் விலை

(அலுவலர் பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)



பொருளாதாரம் பயின்றவன் இணையதளத்தைப் பற்றிப் பேசுவதா என நீங்கள் ஐயுறலாம். ஒரு கணக்கிலிருந்து தொடங்குகிறேன். 6 மெகாபைட் எடையுள்ள பக்கம், விநாடிக்கு 1 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் வந்துசேர 48 விநாடிகள் ஆகும். அதனை 1 மெகாபைட்டாகக் குறைத்தால் 8 விநாடிகள் போதும். உதவித்தொகை கோரி 1 இலட்சம் மாணவர்கள் ஒருமுறை அதனைத் திறப்பதாகக் கொண்டால், மிச்சமாவது 40 இலட்சம் விநாடிகள். அதாவது 1,100 மணி நேரத்திற்கும் மேல். இச்செலவு எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை. அதனைச் செலுத்துபவர் குடிமகனே.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அலுவலகத்தின் தளத்தைப் பார்வையிடும் குழுவில் இருந்தேன். அலுவலக அறையில் அது உடனே திறந்தது. பின்னர் இரயில் பயணத்தில் என் கைபேசியில் திறந்தபோதுதான் உண்மை புலப்பட்டது. விழாப் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்திறங்கின. விண்ணப்பப் படிவமோ அவற்றுக்கெல்லாம் அடியில் இருந்தது. 'திருப்திகரம்' எனக் கோப்பில் கையெழுத்திட்டவர்களுள் நானும் ஒருவன்.

புதிய சர்வர் வாங்குவதே பரிகாரம் என்றுதான் பெரும்பாலும் குறிப்பு எழுதப்படுகிறது. செலவில்லாத வழிகள் உலாவியிலேயே உள்ளன. திரைக்குக் கீழே உள்ள படத்தை, வாசகர் அவ்விடத்தை நெருங்கும்போது மட்டும் தருவிக்கும் 'லேசி லோடிங்' வசதி, 2019-இல் குரோமிலும், 2020-இல் பயர்பாக்ஸிலும், 2022-இல் சஃபாரியிலும் இடம்பெற்றது. முதல் திரையில் தோன்றும் படத்திற்கு மட்டும் இதனை இடலாகாது. இட்டால் அப்படமே தாமதமாகும்.

நம் மொழிகளுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. தளத்திற்கெனத் தனி எழுத்துரு இருந்தால், அது வந்துசேரும்வரை உலாவி சுமார் 3 விநாடி எழுத்தையே காட்டாமல் வெற்றிடம் விடுவது வழக்கம். 'ஃபான்ட் டிஸ்பிளே' என்னும் கட்டளைக்கு 'ஸ்வாப்' என்று மதிப்பளித்தால், கைபேசியில் உள்ள எழுத்து உடனே தோன்றும். தளத்தின் எழுத்துரு பின்னர் வந்து அமரும். அழகு சற்றுத் தாமதித்து வரட்டும். விண்ணப்பத்தின் கடைசித் தேதி முதலில் தெரியட்டும்.

பக்கம் திறந்தால் மட்டும் போதாது. பொத்தானை அழுத்தியும் மறுமொழி இல்லையெனில் மாணவர் மீண்டும் அழுத்துவார். விண்ணப்பம் இருமுறை பதிவாகவும் கூடும். கூகுள் வகுத்த அளவுகோலின்படி, பக்கத்தின் முதன்மை உள்ளடக்கம் 2.5 விநாடிக்குள் தோன்ற வேண்டும். அழுத்தத்திற்கான மறுமொழி 200 மில்லிவிநாடிக்குள் கிட்ட வேண்டும். இதற்குப் பெருந்தடை மிகையான ஜாவாஸ்கிரிப்ட் நிரல். மாறிக்கொண்டே இருக்கும் படவரிசை, பார்வையாளர் எண்ணிக்கைக் கட்டம் ஆகியவற்றை நீக்கப் பணம் வேண்டா. மேலிடத்து ஒப்புதல்தான் வேண்டும்!

ஒப்பந்தப்புள்ளி நிபந்தனைகளில் தளத்தின் வண்ணம், சின்னம் குறித்தெல்லாம் விரிவாக எழுதுகிறோம். பக்கத்தின் எடைக்கு உச்சவரம்பு விதிப்பதில்லை. விலை குறைந்த கைபேசியில், மெதுவான இணைப்பில் திறந்து காட்டிய பின்னரே இறுதித் தவணை என்பதையும் சேர்க்கலாம். இணைப்பின் வேகத்தைச் செயற்கையாகக் குறைத்துப் பார்க்கும் கருவி குரோம் உலாவியிலேயே இருக்கிறது. உணவு இடைவேளைக்குப் பின், உங்கள் துறைகளின் தளங்களை அவ்வாறே ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்போம்.