திரும்பத் திரும்ப வரும் கண்கட்டி

(பள்ளிவாசல் வளாகத்தில் நடந்த மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் நம் அறக்கட்டளை சார்பில் ஆற்றிய உரை)

 

நம் இமைக்குள் வரிசையாக எண்ணெய்ச் சுரப்பிகள் உள்ளன. ஒன்று அடைத்துக்கொண்டால் கட்டி வரும். வெந்நீர் ஒத்தடத்தில் பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். ஆனால் அதே சுரப்பியில் அரிதாகப் புற்றுநோயும் தோன்றும். மேலைநாட்டாரைவிட நம் நாட்டவரின் இமைகளில் இது அதிகம் காணப்படுகிறது. பார்வைக்குச் சாதாரணக் கண்கட்டிதான், பெரும்பாலும் வலிக்காது. அதனால்தான் மாதக்கணக்கில் ஏமாந்துபோகிறோம்.

50 வயதைக் கடந்தவருக்கு, எடுத்த கட்டி அதே இடத்தில் மீண்டும் வந்தால், அங்கே இமைமுடி உதிர்ந்தால், இமை தடித்தால், ஒரு கண் மட்டும் மருந்துக்கு அடங்காமல் சிவந்தே இருந்தால், கண் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள். “எடுத்த சதையைப் பயாப்சிக்கு அனுப்புங்கள் டாக்டர்” என்று நாமே கேட்போம்.

நோய் உறுதியானால், கட்டியைச் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல சதையோடு சேர்த்து அறுத்தெடுத்து, ஓரங்களில் நோய் மிச்சமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். காதுக்கு முன்னும் கழுத்திலும் நெறி கட்டியிருக்கிறதா என்றும் சோதிப்பார்கள்; அந்த வழியாக இது பரவக்கூடும். தாமதித்தால் கண்ணையே எடுக்க நேரலாம், உயிருக்கும் ஆபத்து.

முகத்திரையை விலக்க வேண்டுமே என்று நம் உம்மாமார்கள் தயங்குகிறார்கள். சிகிச்சைக்குத் தேவையான அளவு காட்ட மார்க்கத்தில் அனுமதி உண்டு. பெண் டாக்டரைக் கேட்டும் பெறலாம். செலவுக்குப் பயந்து யாரும் வீட்டில் இருந்துவிட வேண்டாம். நம் அறக்கட்டளையிடம் சொல்லுங்கள், இன்ஷா அல்லாஹ் வழி செய்வோம்.

இன்றே உம்மா, வாப்பாவின் இமைகளை ஒருமுறை பாருங்கள். அல்லாஹ் அனைவருக்கும் ஷிஃபா அளிப்பானாக. ஆமீன்.