பதினான்கு வயதுப் பிள்ளை

பிழைப்பை நாடி ஊரை விட்டு வந்த நாம், விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கோ சேலத்துக்கோ செல்லும்போது, “பிள்ளை நன்றாக உயர்ந்துவிட்டானே!” என்று உறவினர் வியக்கக் கேட்டு மகிழ்கிறோம். அவன் உள்ளம் எவ்வாறு வளர்ந்திருக்கிறது என்று எவரும் வினவுவதில்லை. உண்மையைச் சொன்னால், நாமும் வினவுவதில்லை.

மொழிபெயர்ப்பு நமது தொழில். மனநலம் பற்றிய சுற்றறிக்கைகள் நம் மேசைக்கு வருவதுண்டு. ‘மனச்சோர்வு’, ‘மன அழுத்தம்’ என்று பிழையின்றி எழுதி அனுப்பிவிடுகிறோம். ஆனால் தாராவித் தொண்ணூறடிச் சாலையில் வாழும் தாய், “அவனுக்கு மனசு சரியில்லை” என்கிறாள். தந்தை, “திமிர்” என்கிறார். பிள்ளையோ ‘டென்ஷன்’ என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொள்கிறான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தியும் ஆங்கிலமும் என்று நான்கு மொழிகளில் புழங்குபவனுக்குத் தன் துயரைச் சொல்ல ஒரு மொழியும் போதவில்லை. மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியிலிருந்து வேற்றுமொழி வகுப்புக்கு மாறும் பிள்ளைகளிடம் இதைத் தெளிவாகக் காணலாம். வகுப்பில் வாய் திறவாதவன் நாளடைவில் வீட்டிலும் வாய் திறவாதவன் ஆகிறான். அந்த மௌனத்தில்தான் போதை புகுகிறது.

நமக்கு அறிமுகமான தோல்பைத் தொழிலாளி ஒருவர் தாராவியில் இருக்கிறார். தோலை ஒட்டும் ‘சொல்யூஷன்’ டப்பா வழக்கத்தைவிட விரைவில் தீர்ந்து வந்தது. உடன் வேலை செய்பவர் மீது ஐயப்பட்டார். ஒரு நாள் மாலை மச்சில் ஏறிப் பார்த்தபோது, பசை தோய்ந்த துணியை முகத்தில் வைத்து முகர்ந்துகொண்டிருந்தவன் அவருடைய மகன்! அவர் கூச்சலிட்டார், பையன் ஏணியில் தாவி இறங்கிச் சந்துக்குள் ஓடினான், அவரும் துரத்தினார். தெய்வாதீனமாக விபரீதம் ஏதும் நேரவில்லை.

விபரீதம் என்று நாம் கூறுவது மிகையன்று. இத்தகைய பசைகளில் உள்ள டொலுவீன் போன்ற ஆவிகள் இதயத்துடிப்பின் ஒழுங்கை எளிதில் குலையும் நிலைக்குக் கொண்டுபோகின்றன. அவ்வேளையில் அச்சமோ ஓட்டமோ ஏற்பட்டால் உடலில் அட்ரினலின் பெருகி, இதயம் திடீரென நின்றுவிடக்கூடும். முதன்முறை முகர்ந்தவருக்கும் இது நேர்ந்ததுண்டு. ஆகவே அந்த நிலையில் பிள்ளையைக் கண்டால் அதட்டலாகாது, அடிக்கலாகாது, துரத்தலாகாது. கதவையும் ஜன்னலையும் திறந்து, அமைதியாக அருகில் அமர்ந்து, அவன் தெளியும்வரை உடனிருக்க வேண்டும். மூச்சுத் திணறினாலோ நினைவு தப்பினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கண்டிப்பை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முகரும் போதைப்பொருள்களைப் பயன்படுத்துவோர் பெரியவர்களில் 0.58 சதவிகிதம், 10 முதல் 17 வயதுடையோரிலோ 1.17 சதவிகிதம். பெரியவர்களைவிடச் சிறுவரிடையே மிகுந்திருப்பது இந்த ஒரு வகைதான். காரணம் எளிது: மலிவு, எங்கும் கிடைப்பது, சாராய நெடி இல்லாதது. சிறுவருக்கு மதுவோ புகையிலையோ போதை மருந்தோ கொடுப்போருக்கு 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. ஆனால் தொழிற்கூடத்துப் பசை டப்பாவைக் காக்க வேண்டியவர் வீட்டுக்காரரே. உடையில் பெயிண்ட் நெடி, விரலில் பசைக்கறை, மூக்கையும் வாயையும் சுற்றிச் சிவந்த தடிப்பு, பசியின்மை ஆகியவற்றைக் கவனித்தல் நலம்.

மாதுங்காவிலும் செம்பூரிலும் அடுக்ககங்களில் வாழ்வோர், “இது தாராவிச் சங்கதி” என்று ஒதுங்க வேண்டா. அங்கே பசைக்குப் பதில் 2019-இல் தடைசெய்யப்பட்ட மின்சிகரெட்டாகவோ, அலமாரியிலுள்ள தூக்க மாத்திரையாகவோ அது வரலாம். விடியுமுன் ஒரு டியூஷன், இரவில் மற்றொன்று என்று ஓடும் பிள்ளை, மதிப்பெண்ணைத் தவிர வேறெதைப் பற்றியும் வீட்டில் கேள்வி கேட்கப்படாதவன், தாராவிச் சிறுவனைப் போலவே தனியன் அன்றோ?

போதை ஒருவனைப் பற்றினால் குடும்பமே நோயுறுகிறது என்பதைத் தமிழ்நாட்டில் உணர்த்தியவர்களுள் சாந்தி ரங்கநாதன் குறிப்பிடத்தக்கவர். மதுவினால் கணவரை இழந்த அவர், 1980-இல் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனையில் நோயாளிக்கு மட்டுமன்றிக் குடும்பத்தினருக்கும் ஆலோசனை அளிக்கப்படுகிறது. மானத்துக்கு அஞ்சி மறைத்துவைத்த வீடுகள் பல, அதன் பின்னரே வாய் திறந்தன.

நாம் குறிப்பிட்ட தொழிலாளியும் அவ்வாறே மருத்துவரிடம் சென்றார். முதலில் மகனை வெளியே அமரச் செய்து, தந்தையிடம்தான் அரைமணி நேரம் பேசினாராம் மருத்துவர். மகன் வகுப்பில் ஏளனத்துக்கு ஆளாகி, மாதக்கணக்கில் பள்ளிக்கே செல்லவில்லை என்பது பிறகு தெரியவந்தது. இப்போது டப்பா பூட்டிவைக்கப்படுகிறது. இரவில் கடையடைத்தபின் தந்தையும் மகனும் சேர்ந்து உண்கிறார்கள். இடையில் ஒருமுறை பையன் பழைய வழிக்குத் திரும்பியதுண்டு. அன்று அவர் துரத்தவில்லை.

டெலி மானஸ் என்னும் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இதில் இரவும் பகலும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலும் பேசலாம். போதை மீட்புக்குரிய தேசிய உதவி எண் 14446. பிள்ளை பேச மறுத்தால், பெற்றோரே முதலில் பேசலாம்.