நீரிழிவும் சுவாசப்பைப் பூஞ்சணமும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



பழைய பாணிலும் உக்கிய மரத்திலும் பூஞ்சணம் படர்வதை நாமெல்லாம் கண்டிருக்கிறோம். அதன் வித்திகளை நாள்தோறும் சுவாசிக்கிறோம். நமது வெண்குருதிக் கலங்கள் அவற்றை அழித்துவிடுகின்றன. ஆனால் நீரிழிவு கட்டுக்கடங்காத உடலில் அக்காவல் தளர்கின்றது. சீனி மிகுந்து குருதியில் அமிலமும் ஏறினால், கட்டுண்டிருந்த இரும்புச்சத்து விடுபட்டுப் பூஞ்சணத்துக்கு உணவாகின்றது. அப்பொழுது மியூக்கர் இனப் பூஞ்சணங்கள் சுவாசப்பையிற் பரவிக் குருதிக் குழாய்களை அடைத்துவிடும். குருதி செல்லாத பகுதி இறந்துபடும்.

இந்நோய் அரிது, ஆயினும் புதிதன்று. 1885 ஆம் ஆண்டிலேயே பால்டாஃப் என்பவர் இதனை விவரித்தார். 2021 இல் இந்தியாவிலே கொரோனாவை அடுத்து 40,000 பேருக்கு மேல் இது பீடித்தது. பெரும்பாலோர்க்கு மூக்கிலும் கண்ணிலும், சிலர்க்குச் சுவாசப்பையிலும் கண்டது. அவர்களுள் மிகப் பலர் நீரிழிவுள்ளோர். ஸ்டீரொயிட் மருந்து பெற்றோரும் பலர்.

இதனைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். காய்ச்சல், இருமல், நெஞ்சுநோ, சளியில் இரத்தம் ஆகிய குறிகள் நிமோனியாவுக்கும் சயரோகத்துக்கும் உரியவையே. நீரிழிவுள்ளோரைச் சயரோகமும் எளிதிற் பற்றுமாதலால் அதனை முதலிற் சோதிப்பது முறை. ஆனால் சளியில் அக்கிருமி காணாதபோதும், நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குக் காய்ச்சல் தணியாதபோதும், பூஞ்சணத்தை நினைக்கவேண்டும்.

ஸ்கான் படம் ஐயத்தைத் தரும். முடிவைத் தருவது இழையமே. மூச்சுக்குழாய் வழியே கருவி செலுத்தி எடுத்த சிறு துண்டை நுணுக்குக்காட்டியிற் பார்ப்பர். மியூக்கர் இழைகள் அகன்று, நாடா போன்று, குறுக்குச் சுவர் அருகி, ஏறக்குறையச் செங்கோணத்திற் கிளைவிடும். அஸ்பர்ஜிலஸ் இழைகளோ மெலிந்து, குறுக்குச் சுவர்களுடன், கூர்ங்கோணத்திற் கிளைவிடும். இவ்வேறுபாடு உயிர்க்காரியம். அஸ்பர்ஜிலஸுக்குக் கொடுக்கும் வொரிகொனசோல் மியூக்கரை வெல்லாது. இதற்கு அம்போடெரிசின் மருந்தும், பலருக்குச் சத்திரசிகிச்சையும் வேண்டும்.

அஸ்பர்ஜிலஸைக் காட்டும் கலக்டோமனன் சோதனை மியூக்கரைக் காட்டாது. துண்டை அரைத்து வளர்த்தால் மெல்லிய இழைகள் சிதைந்து வளராமற் போதலும் உண்டு. ஆகவே, ஒரு சோதனை "இல்லை" என்றவுடன் நோயில்லை என்று அமைதல் ஆகாது.

இளைஞர்களே, இதில் நமக்கும் கடமையுண்டு. வீட்டுப் பெரியவர்களுக்கு இருமல் நீடித்தால், பாணி மருந்தோடு நாளைக் கடத்தாது வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வோம். நீரிழிவு உண்டென்பதையும், உண்ணும் மருந்துகளையும் வைத்தியரிடம் மறையாது கூறுவோம். இழையம் எடுக்கவேண்டுமென்றால் அஞ்சித் தடுக்காதிருப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, சீனியை அளந்து அடக்கி வைப்போம். காலந் தாழ்த்தாமையே இந்நோயில் பாதி மருந்து.