தாய்மாமன் இல்லாத தலைமுறை



குடும்பத்தைப் பற்றிப் பேசும் மேடைகளில் முதலில் எழும் குரல், கூட்டுக்குடும்பம் சிதைந்துவிட்டது என்பதுதான். பட்டிமன்றத்தில் அதற்குக் கைதட்டல் கிடைக்கும். சமூகவியல் கருத்தரங்கிலும் அதையே திருப்பிச் சொன்னால், நம் முன்னோடிகளை நாம் படிக்கவில்லை என்றே பொருள். குஜராத்தின் மகுவா நகரத்தை ஆராய்ந்து ஐ. பி. தேசாய் 1964-இல் வெளியிட்ட நூல், ஒரு கூரையின் கீழ் எத்தனை பேர் என்பதைக் கொண்டு மட்டும் குடும்பத்தை அளக்க முடியாது என்றது. தனித்தனி வீட்டில் இருப்போரையும் சொத்தும் கடமையும் கட்டி வைத்திருப்பதை அது காட்டியது. 1973-இல் வந்த ஏ. எம். ஷாவின் நூல், ஒரு வீட்டில் வாழ்வோரையும் ஒரு குடும்பத்தாரையும் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொடுத்தது. அந்தக் காலத்தில் எல்லோரும் பெருங்கூட்டமாகவே வாழ்ந்தார்கள் என்ற நம்பிக்கை, சாத்திர நூல்களிலிருந்தும் அவற்றைக் கொண்டு சட்டம் வகுத்த ஆங்கிலேய அறிஞர்களிடமிருந்தும் வந்தது. யாரும் வீடு வீடாகப் போய் எண்ணிப் பார்த்து அப்படிச் சொல்லவில்லை. நம் ஊர்களிலும் மூத்தவனுக்குக் கல்யாணமாகிச் சில காலத்தில் தனி உலை வைப்பது நேற்று வந்த வழக்கமல்ல.

அப்படியானால் மாறியது எது? என் பார்வையில், வீட்டுக்குள் எத்தனை பேர் என்பதைவிட, வீட்டுக்கு வெளியே நமக்கு எத்தனை உறவுகள் என்பதில்தான் பெரிய மாற்றம் நடந்துகொண்டிருக்கிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21-இல் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். மாதிரிப் பதிவு முறையின் 2020 அறிக்கை 1.4 என்கிறது. எதை எடுத்துக்கொண்டாலும், மக்கள்தொகை குறையாமல் இருக்கத் தேவையான 2.1-க்கு இது கீழேதான். மக்கள்தொகை அறிஞர்கள் இதிலிருந்து தொழிலாளர் எண்ணிக்கையைக் கணக்கிடுவார்கள், தொகுதி மறுவரையறையைப் பற்றிக் கவலைப்படுவார்கள். நாம் கேட்க வேண்டியது வேறு. ஒற்றை மகளாகப் பிறந்தவளுடைய பிள்ளைக்குக் காதுகுத்தில் மடி கொடுப்பவர் யார்? இரண்டு பெண்கள் மட்டும் உள்ள வீட்டின் பேரக் குழந்தைக்குத் தாய்மாமன் இல்லை. இரண்டு ஆண்கள் மட்டும் உள்ள வீட்டில் அத்தை இல்லை. ஒற்றைப் பிள்ளைகள் இருவர் மணந்தால், அவர்களுடைய குழந்தைக்கு மாமன், அத்தை, சித்தப்பா, பெரியம்மா என ஒருவருமே இல்லை. இன்றைக்குத் தாயின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் வந்து தன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்கிறார். அடுத்த தலைமுறையில் அவரும் அரிதாகிவிடுவார்.

வேறு சமூகங்களுக்கு இது ஓர் இழப்பாக மட்டும் இருக்கலாம். நமக்கோ அது உறவுமுறையின் அடித்தளத்தையே தொடுகிறது. மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்து 1957-இல் நூல் வெளியிட்ட லூயி துய்மோன், தென்னிந்தியத் திருமணத்தில் கொண்டான் கொடுத்தான் உறவும் சொத்தைப்போலத் தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகிறது என்றார். அப்பாவுக்கு மைத்துனன் மகனுக்குத் தாய்மாமன். அந்த மாமன் மகளே முறைப்பெண். சீரும் மொய்யும் பஞ்சாயத்தும் இந்தப் பாதையில்தான் நடந்தன. இன்றும் தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 28 விழுக்காட்டினர் இரத்த உறவில் மணந்தவர்கள் என்கிறது 2019-21 கணக்கெடுப்பு. மருத்துவர்கள் இதைப் பற்றி எச்சரிக்கிறார்கள், அந்த எச்சரிக்கை சரியானதே. ஆனால் உறவுக்குள் பெண் எடுப்பது குறைந்தால் சாதியும் தளர்ந்துவிடும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். உறவுக்குள் கிடைக்காத வரனைத் திருமணத் தகவல் மையங்களில் சாதிவாரியாகத் தேடுகிறோம். மீறியவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை, சாதி மறுத்து மணந்த இளைஞர் 2016-இல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டபோது நாடே பார்த்தது. குடும்பத்தைப் பாசத்தின் உறைவிடமாக மட்டும் எழுதும் ஆய்வு, பாதி உண்மையைத்தான் எழுதுகிறது.

சொத்துக்கு வருகிறேன். தமிழ்நாட்டில் 1989-இலேயே மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் பிறப்புரிமை கிடைத்தது. அதற்கு முன் மணமானவர்கள் அதில் சேரவில்லை. 2005-இல் நடுவணரசும் சட்டத்தைத் திருத்தியது. சட்டம் வந்தபின் பதிவு அலுவலகங்களில் என்ன நடக்கிறது? அக்காளும் தங்கையும் தம்பிக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிறந்த வீட்டுக் கதவு திறந்திருக்க வேண்டும், நாளைக்குத் தன் பிள்ளைகளுக்குத் தாய்மாமனாக அவன் வந்து நிற்க வேண்டும் என்பதற்காகத் தரும் விலை அது. பீனா அகர்வால் 1994-இலேயே தெற்காசியப் பெண்களின் நில உரிமையை ஆராய்ந்தபோது இந்த விட்டுக்கொடுத்தலைப் பற்றி எழுதினார். சகோதரனே இல்லாத பெண்கள் பெருகும்போது இந்தப் பேரம் என்னவாகும் என்பதை நம்மில் யாரும் இன்னும் முறையாக ஆராயவில்லை என்றே நினைக்கிறேன். உரிமை தானாக அவள் கைக்கு வருமா, பங்காளிகள் கைக்குப் போகுமா, கணவன் வீட்டுக்குப் போகுமா?

முதியோர் பராமரிப்பையும் இதே கண்ணோடுதான் பார்க்க வேண்டும். பெற்றோரைக் காப்பது பிள்ளைகளின் கடமை என்று 2007-இல் சட்டம் இயற்றினோம். அந்தக் கடமையை உடலால் செய்பவர் பெரும்பாலும் மருமகளோ மகளோதான். 2019-இல் நடந்த நாடு தழுவிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். செய்யும் ஆண்கள் 97 நிமிடம். ஆண்களில் பெரும்பாலோர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஒற்றை மகளாக வளர்ந்து, ஒற்றை மகனை மணந்து, நான்கு முதியவர்களுக்கு மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வேலைக்கு ஓடும் பெண்ணை நம் நகரங்களில் தெருவுக்குத் தெரு காணலாம். தமிழக அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய மாதம் 1000 ரூபாய் உரிமைத்தொகை, குடும்பத் தலைவிகளின் உழைப்பை அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம். அதை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் அந்தப் பெண்ணின் வேலையைப் பகிர்ந்துகொள்ள இன்னொரு கை வேண்டும். பகல்நேர முதியோர் மையம், வீட்டுக்கு வரும் செவிலியர், கணவனின் உழைப்பு ஆகியவற்றைப் பற்றிய ஆய்வு நம்மிடம் மிகக் குறைவு.

இளம் ஆய்வாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். வினாத்தாளில் கூட்டுக்குடும்பமா தனிக்குடும்பமா என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடாதீர்கள். நள்ளிரவில் உடம்பு சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவீர்கள், கடந்த கல்யாணத்துக்கு மொய் எழுதியவர்கள் யார், பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது யார் என்று கேளுங்கள். மொய் நோட்டை வாங்கிப் படியுங்கள். ஒரு குடும்பத்தின் உறவு வட்டம் எங்கே சுருங்கியது, எங்கே நண்பர்களும் அலுவலகத் தோழர்களும் உள்ளே வந்தார்கள் என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஆவணம் வேறில்லை. வீட்டுக்குள் வாய்திறக்க முடியாத பெண்ணிடம் தனியாகப் பேச நேரம் ஒதுக்குங்கள். இக்கருத்தரங்கின் முதல் அமர்வுக்கு வந்துள்ள கட்டுரைகளையும் இந்தக் கேள்விகளோடு விவாதிக்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.