நீல்சனின் வயலின் கன்செர்ட்டோ



மேனாட்டு இசையில் கன்செர்ட்டோ என்றொரு வடிவம் உண்டு. தனி வாத்தியக்காரர் ஒருவர் முன்னே நிற்பார். பின்னே பெரியதொரு வாத்தியக் குழு அமர்ந்திருக்கும். இருசாராரும் உரையாடுவதுபோல இசை வளரும். பெரும்பாலும் மூன்று பகுதிகள். இறுதிப் பகுதியில் கலைஞர் தம் விரல்வேகத்தைக் காட்டிச் சபையினரின் கைதட்டலைப் பெறுவார். இவ்வழக்கத்தைத் தலைகீழாக மாற்றியவர் டென்மார்க்கு நாட்டுக் கார்ல் நீல்சன்.

அவர் 1865-இல் ஃப்யூன் தீவில் பிறந்தார். தந்தையார் வீடுகளுக்கு வர்ணம் பூசுபவர். கிராமத்து விழாக்களில் பிடில் வாசிப்பவர். மைந்தரும் பிடில் கற்றார். 1889 முதல் 1905 வரை கோபன்ஹேகன் அரசவை வாத்தியக் குழுவில் அவர் வகித்த இடம் இரண்டாம் வயலின். அவ்வரிசையை எந்த ரசிகர் தனியே கவனிக்கிறார்?

1911-ஆம் ஆண்டுக் கோடையில், காலஞ்சென்ற இசைமேதை கிரீக்கின் மனைவியார் நீனா அழைக்க, நார்வேயிலுள்ள அவர்களது இல்லத்தில் தங்கி இதை எழுதத் தொடங்கினார். 1912 பிப்ரவரி 28-இல் கோபன்ஹேகனில் பேடர் மோலர் வாசிக்க அரங்கேறியது.

இதில் இரண்டே பெரும் பகுதிகள். ஒவ்வொன்றும் மெதுவாகத் தொடங்கி விரைவில் முடியும். குழு ஒருமுறை முழங்கியதும் வயலின், தனியே, சீறிப் பாய்கிறது. பிறர் கடைசிவரை சேமித்து வைக்கும் வித்தையை இவர் வாயிற்படியிலேயே கொட்டிவிடுகிறார்! பின்பு கிராமத்துக் காற்றுப் போன்ற அமைதியான மெட்டு. அதையடுத்து வீரனின் மிடுக்குடன் ஒரு விரைவு இசை.

இரண்டாம் பகுதியை ஓபோ என்னும் ஊதுகருவி தொடங்கி வைக்கிறது. ஜெர்மானியர் ஸ்வரங்களைக் குறிக்கும் எழுத்துகளில் பாஹ் என்ற மேதையின் பெயரை அமைக்கும் நான்கு ஸ்வரங்கள் இங்கே ஒலிக்கின்றன. துயரம் தோய்ந்த இடம் இது. எஞ்சிய அனைத்தினும் இதுவே எனக்கு உயர்ந்தது.

பிறகு வரும் ரோண்டோ, பாதி விளையாட்டாக, கைவீசி நடப்பவனைப்போலச் செல்கிறது. வில்லுக்கு வேலை உண்டு. பிரமிக்கவைக்கும் நோக்கம் இல்லை. இதைப் பலவீனம் என்பாரும் உளர். நான் உடன்படேன். முன்பே தன் வலிமையைக் காட்டிவிட்டவனுக்கு இறுதியில் உரக்கப் பேசவேண்டிய அவசியம் என்ன?

இத்துணிவுக்கு விலையும் இருந்தது. அதே 1865-இல் பிறந்த பின்லாந்துக்காரர் சிபேலியஸின் வயலின் கன்செர்ட்டோ உலகெங்கும் ஒலித்தது. நீல்சனுடையது நெடுங்காலம் ஒதுங்கியே நின்றது. 1952-இல் யெஹுதி மெனுஹின் இசைத்தட்டில் பதிவுசெய்தார். முழுவதும் கேட்கச் சுமார் 35 நிமிடம் ஆகும். நேரமில்லாதோர் அந்த ஓபோ தொடங்கும் இடத்திலிருந்தேனும் கேளுங்கள்.