சதுரத்தின் மூலைவிட்டம்

கரும்பலகை இல்லாமல் கணிதம் பேசுவது எளிதன்று. ஆயினும், மாணவ நேயர்கள் ஒரு சதுரத்தை மனக்கண்முன் வரைந்துகொள்வார்களாயின் இன்றைய பேச்சுக்கு அதுவே போதும்.

எங்கள் விளாத்திகுளம் கரிசல் வட்டாரத்தில், வீட்டுக்கு வானம் தோண்டுமுன் கொத்தனார் கயிறு பிடித்து மூலைமட்டம் பார்ப்பார். ஒரு பக்கத்தில் 3 அடியும் மறுபக்கத்தில் 4 அடியும் அளந்து குறியிடுவார். இரு குறிகளுக்கும் இடையே 5 அடி இருந்தால் மூலை செங்கோணம். 9-ம் 16-ம் சேர்ந்து 25 ஆவதே இதன் அடிப்படை. செங்கோண முக்கோணத்தில் கர்ணத்தின் வர்க்கம், மற்ற இரு பக்கங்களின் வர்க்கங்களது கூட்டுத்தொகைக்குச் சமம்.

அறை 12 அடிச் சதுரமாயின் அதன் மூலைவிட்டம் எவ்வளவு? அத்தகைய நான்கு சதுரங்களை ஒட்டவைத்து ஒரு பெருஞ்சதுரம் அமையுங்கள். அதன் நான்கு பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் வரிசையாகச் சேருங்கள். சிறு சதுரங்களின் மூலைவிட்டங்களால் ஆகிய சாய்ந்த சதுரம் ஒன்று தோன்றும். அதனுள் அடங்குபவை நான்கு அரைச் சதுரங்கள். அதாவது இரண்டு முழுச் சதுரங்கள். ஆகவே மூலைவிட்டத்தின்மேல் அமையும் சதுரம், முதற் சதுரத்தைப்போல் இருமடங்கு. 144-இன் இருமடங்கு 288. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 16.97 அடி.

வர்க்கமூலம் இன்றியே கர்ணம் காணும் விதியொன்று தமிழ்நாட்டில் செய்யுளாக வழங்கிவருகிறது. நெடிய பக்கத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூற்றைத் தள்ளுக. எஞ்சியதோடு குறிய பக்கத்தில் பாதியைக் கூட்டுக. வருவது கர்ணம் என்பது அதன் கருத்து. பிதாகரஸ் கண்டதையே நம் முன்னோர் இன்னும் எளிதாகக் கண்டுவிட்டனர் என்று இதனைக் காட்டி மேடைகளில் முழங்குவோர் உண்டு. கைதட்டுவதற்கு முன் அளந்து பார்ப்போம்.

பக்கங்கள் 4, 3 எனில், மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. பக்கங்கள் 12, 5 எனில், பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. இரண்டும் துல்லியம். நமது 12 அடிச் சதுரத்திலோ, பத்தரையும் ஆறும் சேர்ந்து பதினாறரை. ஏறத்தாழ அரை அடி குறைகிறது! அதை நம்பிக் கயிறு பிடித்தால் மூலை 90 பாகைக்குப் பதிலாக ஏறக்குறைய 87 பாகையாகி, சுவர் கோணிவிடும்.

காரணத்தை இயற்கணிதம் காட்டும். விதி கூறும் அளவையும் உண்மைக் கர்ணத்தையும் சமப்படுத்தினால் ஓர் இருபடிச் சமன்பாடு கிடைக்கும். அதற்கு மூலங்கள் இரண்டே. அவை 3-க்கு 4, 5-க்கு 12 என்னும் விகிதங்கள். இவ்விரண்டில் மட்டுமே விதி சரியாக நிற்கும். இவற்றுக்கு இடைப்பட்ட விகிதங்களில் பிழை நூற்றுக்கு ஒன்றையும் எட்டாது. ஆகவே இது நல்ல கைக்கணக்கு, ஆனால் தேற்றமாகாது.

வேள்வி மேடைகளைக் கயிற்றால் அளந்தமைக்கும் முறையைக் கூறும் போதாயன சுல்ப சூத்திரம், கிறிஸ்து பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முற்பட்டது. மூலைவிட்டத்தின்மேல் அமையும் சதுரம் இருமடங்கு என்று அது பொதுவிதியாகவே உரைக்கிறது. அளவும் தருகிறது: பக்கத்தோடு அதன் மூன்றில் ஒன்றையும், அம்மூன்றில் ஒன்றின் நான்கில் ஒன்றையும் கூட்டி, கடைசியாகக் கூட்டியதில் 34-இல் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். நம் சதுரத்துக்கு 12-ம் 4-ம் 1-ம் சேர்ந்து 17. அதில் 34-இல் ஒன்று குறைய வேண்டும். இதனை வர்க்கமாக்கினால் 288-ஐ விட மிகுவது 1156-இல் ஒரு பங்கே! ஆயினும் அந்த மிகுதி அறவே நீங்காது. எந்தப் பின்னத்தாலும் இம்மூலைவிட்டத்தை முற்றும் அளக்க முடியாது என்பதைக் கிரேக்கர் நிறுவினர்.

நம் முன்னோர் கண்டவற்றுள் எது பொதுவிதி, எது கைக்கணக்கு என்று பிரித்தறிதல் அவர்களுக்கு இழுக்காகாது. பிரித்தறியாமல் புகழ்ந்தால், கணக்குத் தெரிந்த அயலார் ஒருவர் பென்சில் எடுத்த அளவில் அப்புகழ் சாய்ந்துவிடும்.

மாணவர்களே, 15-ம் 8-ம் பக்கங்களாக உள்ள செங்கோண முக்கோணத்தை இன்றிரவு எடுத்துக்கொள்ளுங்கள். எட்டுக் கூறு விதியாலும் வர்க்கங்களாலும் கர்ணத்தைக் கண்டு, இரண்டும் எவ்வளவு வேறுபடுகின்றன என்று நீங்களே பாருங்கள்.