கண்ணும் நித்திரையும்

(சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



“பசி ருசி அறியாது, நித்திரை சுகம் அறியாது” என்பர் நம் முன்னோர். ஆயினும் கண் உறுத்துகிறவனுக்குப் பஞ்சணையிலும் நித்திரை வாராது. நித்திரை கெட்டவனுக்கோ விடிந்ததும் கண் எரிகின்றது. இவ்விரண்டுக்குமுள்ள உறவையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

கண்ணின் மேற்பரப்பை மெல்லிய கண்ணீர்ப் படலமொன்று மூடியிருக்கின்றது. அடியில் வழுவழுப்பான சளிப்பொருள், நடுவில் நீர், மேலே அந்நீர் உலராது காக்கும் எண்ணெய் என அது அமைந்துளது. இமைக்குந்தோறும் படலம் புதுப்பிக்கப்படுகின்றது. அது குறைந்தாலோ விரைவில் உலர்ந்தாலோ, மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் உண்டாகும். இதனையே கண் உலர்வு என்பர்.

2014இல் கொரிய மருத்துவர்கள் சுகதேகிகளான ஆடவர் சிலரை ஓரிரவு விழித்திருக்கச் செய்து ஆராய்ந்தனர். அவர்களுக்குக் கண்ணீர் சுரப்பது குறைந்தது. இருந்த கண்ணீரிலும் உப்புச் செறிவு கூடியது. 2021இல் வெளிவந்த நெதர்லாந்து ஆய்வொன்று 70,000 பேருக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து, கண் உலர்வுடையோரிடையே நித்திரைக் குறைவு அதிகமெனக் கண்டது. எது காரணம், எது காரியம் எனப் பிரித்தல் எளிதன்று. ஒன்றையொன்று வளர்க்கின்றது எனக் கருத இடமுண்டு.

நமது மல்லாவியில் யானைக்கும் பன்றிக்கும் வயற்காவலிருந்து விழிப்போர், பகலில் வெயிலிலும் காற்றிலும் நிற்கின்றனர். மாணவர் பலர் பரீட்சைக்கென விழித்துக் கைத்தொலைபேசித் திரையைப் பார்த்திருப்பர். அவ்வேளை இமைப்பது குறைந்துவிடுகின்றது. நித்திரைக்காகப் பிரிட்டோன் குளிசை விழுங்குவோருமுளர். அது மயக்கந் தந்தாலும் கண்ணை மேலும் உலர்த்தக்கூடியது.

ஆனால் எல்லா எரிவும் நித்திரைக் குறைவால் வருவதன்று. நெல் தூற்றும்போது உமி பட்டு ஒரு கண் சிவந்து நொந்தால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். கருவிழியில் பூஞ்சணப் புண் உண்டாகிப் பார்வையே போகலாம். வைத்தியரைக் காணாது விடும் ஸ்டீரொயிட் மருந்துத்துளி அப்புண்ணை மோசமாக்கும்.

காவலிருக்கும் முதியவரிடம் “நன்றாக உறங்குங்கள்” என்று சொல்வது எளிது. அவர் உறங்கினால் வயல் அழியும். வாலிபராகிய நாம் முறைவைத்துக் காவலுக்குப் போனால், அவர் வாரத்தில் இரண்டு இரவாவது கண்மூடுவார். கண் எரிகிறதென்பவரிடம் நித்திரையைப் பற்றியும், நித்திரையில்லை என்பவரிடம் கண்ணைப் பற்றியும் விசாரிப்போம். இவ்வாண்டு நம் சங்கம் இத்தொண்டை ஏற்குமாக.